நடைத்தடம் ஒன்றைப் பொறுப்பெடுத்த அனுபவம்

நாங்கள் வழக்கமாக நடக்கப் போகும் மலைத்தடத்தின் ஒரு பகுதியைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது எங்கள் குழுவிடம் இருக்கிறது. எப்படி வாங்கினீர்கள் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் அனுமதி. நாலு பேர் அரிவாளோடு போய்ப் புதரை வெட்டிவிட்டு வந்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும், ஆனால் நிலம் யாருடையதோ அவர்கள் எழுத்தில் சொல்லாமல் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது. எந்த மாதங்களில் பறவைகள் கூடு கட்டும், எங்கே மண் இளகலாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கடிதம் கொடுத்தோம், பதில் இல்லை. திரும்பப் போனால் அதிகாரி மாறியிருந்தார், மறுபடி முதலிலிருந்து. அமெரிக்காவில் இருக்கும் அப்பலாச்சியன் என்ற நீண்ட நடைத்தடத்தைப் பாருங்கள், சுமார் 3,500 கிலோமீட்டரையும் தன்னார்வ மன்றங்கள்தான் பங்கு போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கின்றன என்றெல்லாம் எழுதினோம். அதற்கு யாரும் அசைந்த மாதிரி தெரியவில்லை. எங்கிருந்து எங்கே வரை, என்ன வேலை, என்னென்ன கருவி, யாரைத் தொடர்புகொள்வது, யாருக்காவது அடிபட்டால் என்ன ஏற்பாடு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. அவர்கள் பயமெல்லாம் அந்தக் கடைசி விஷயத்தில்தான். மோட்டார் ரம்பம் எடுக்க மாட்டோம், பெரிய மரம் விழுந்தால் தகவல் மட்டும் சொல்வோம் என்று நாங்களே எழுதியது ரொம்ப உதவியது.

அப்புறம் பழுதுப் பட்டியல் கேட்டார்கள். இதற்கு ஒரே யோசனை சொல்வேன்: மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். வெயில் நாளில் நன்றாகத் தெரியும் தடம் மழையில் ஓடையாகிவிடும். தடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், புதரும் குப்பையும் அதற்கப்புறம். கால் பட்டுப் பட்டு நடுப்பகுதி பள்ளமாகி, வெளி ஓரத்தில் மண் வரப்பு மாதிரி எழும்பிவிடுகிறது, தண்ணீர் சரிவில் இறங்க வழியில்லாமல் தடத்திலேயே ஓடி அரிக்கிறது. சேறு பார்த்து ஒதுங்கி நடப்பவர்களால் தடம் அகலமாகிறது, செடி சாகிறது, சேறு இன்னும் பரவுகிறது.

ஆகவே எங்கள் வேலையில் பாதி அந்த வரப்பைச் சீவி எடுப்பதுதான். தடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கம் 5 சதவீதம் சரிய வேண்டும், அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். பார்த்தால் சரிவு இருப்பதே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். நீளமாக ஏறும் இடங்களில் தடத்தைக் கொஞ்சம் இறக்கி மறுபடி ஏற்றினால் அந்தத் தாழ்வில் தண்ணீர் வெளியேறிவிடும். குறுக்கே கட்டை பதிக்கும் பழைய முறையும் உண்டு, ஆனால் பின்னால் வண்டல் சேர்ந்ததும் தண்ணீர் அதன் மேலேயே ஏறிப் போய்விடும், வாராமல் விட்டால் பயனில்லை. பள்ளத்தை நிரப்பும்போது இலைமக்கு போடாதீர்கள், அது உறிஞ்சிச் சேறாகிவிடும். அடியில் இருக்கும் கெட்டி மண்தான் வேண்டும். இதெல்லாம் ஏற்கெனவே தடவேலை தெரிந்த ஒருவர் எங்களோடு வந்து மண்வெட்டி பிடித்துக் காட்டியது. அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

ஆட்கள் பற்றி ஒன்று. முதல் நாள் கூட்டம் வரும், மண் சுமக்கும் நாளில் குறையும். பரவாயில்லை, அரைநாளோடு முடித்துவிட்டால் திரும்ப வருகிறார்கள். யார் எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக் கொடுங்கள், சலிப்பான வேலைதான், அனுமதியைப் புதுப்பிக்கும்போது முதலில் கேட்பதே அதைத்தான்.

மிச்சம் இருந்த தலைவலி, கொண்டை ஊசி வளைவில் நேராக இறங்கும் குறுக்குவழி. பலகை வைத்தோம், யாரும் மதிக்கவில்லை. முள் போட்டோம், நகர்த்திவிட்டு இறங்கினார்கள். கீழே போகும் தடம் மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் இறங்குகிறார்கள் என்று பிறகு புரிந்தது. இடையில் காய்ந்த கிளைகளை உயரமாகக் குவித்து, அங்கேயே இயல்பாக வளரும் புதர்ச்செடிகளை நட்டு, அந்தப் பார்வையை மறைத்த பிறகு பெரும்பாலானவர்கள் சுற்றித்தான் போகிறார்கள்.