டீன் கையெழுத்து: நடுவயதில் ஒரு ஃபெல்லோஷிப் வாங்கிய அனுபவம்

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வினோதமான வயது உண்டு. எம்.டி. முடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். "இளம் ஆராய்ச்சியாளர்" என்று விளம்பரம் வருகிற நிதிகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது வரம்பைத் தாண்டியிருப்போம். பெரிய நிதிக்குப் போனால், "இதற்கு முன் எந்தப் பெரிய திட்டத்தை நடத்தியிருக்கிறீர்கள்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பார்கள். நடத்த விட்டிருந்தால்தானே சொல்ல. அந்த வயதில்தான் நான் இந்தியா அலையன்ஸின் இடைநிலை ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பித்தேன். கிடைத்தது. ஜூனியர்கள் பலரும் வந்து கேட்பது ஒன்றுதான்: "ப்ரபோசலை எப்படி எழுதினீங்க மேடம்?" ப்ரபோசல் எழுதுவது வேலைதான், ஆனால் நமக்குப் பழகிய வேலை. நான் திணறியது வேறு இடத்தில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் டிரஸ்டும் சேர்ந்து 2008-ல் தொடங்கியது இந்தியா அலையன்ஸ். அலுவலகம் ஹைதராபாத்தில். அடிப்படை அறிவியலுக்கு ஒரு பிரிவு, மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதார ஆராய்ச்சிக்கு இன்னொரு பிரிவு. நான் விண்ணப்பித்த காலத்தில் தொடக்கநிலை, இடைநிலை, முதுநிலை என்று மூன்று படிகள் இருந்தன. ஐந்து வருஷத்துக்கு நம் சம்பளம், திட்டத்துக்கு வேண்டிய ஆட்கள், பயணம், பரிசோதனைச் செலவு எல்லாம் தருவார்கள். வயது எத்தனை என்று பார்ப்பதில்லை. ஆராய்ச்சியில் எத்தனை வருஷ அனுபவம் என்றுதான் பார்ப்பார்கள். என்னை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்ததே இந்த ஒரு விதிதான். 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மொத்தம் 1,500 கோடி ரூபாய், அதில் 1,000 கோடி நம் அரசு, 500 கோடி வெல்கம். கட்டம் மாறும்போது விதிகளும் மாறலாம் என்பதால், என் காலத்து விதியை நம்பாமல் அந்தந்த அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் பெங்களூரு லேப்காரர்களுக்குத்தான்" என்று ஒரு பேச்சு நம் கல்லூரிகளில் உண்டு. நானும் கேட்டு வளர்ந்தவள்தான். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் நடந்த, சிறு பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பற்றிய ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தபோது அந்தப் பேச்சு எனக்கு அர்த்தமில்லாமல் போனது. நோய் முற்றி வந்த 794 பேர். டாக்ஸிசைக்ளின் தனியாக, அசித்ரோமைசின் தனியாக, இரண்டும் சேர்த்து என்று மூன்று குழு. சேர்த்துக் கொடுத்த குழு நன்றாகத் தேறியது. இரண்டுமே எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற பழைய மருந்துகள். பணம் கொடுத்தது இதே இந்தியா அலையன்ஸ்.

என் விஷயம் பாம்புக்கடி. குறிப்பாக, கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களின் சிறுநீரகம் அதற்கப்புறம் என்ன ஆகிறது என்பது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இறந்தவர்கள் கணக்காவது இருக்கிறது. பிழைத்தவர்களை யார் கணக்கெடுக்கிறார்கள்? விஷமுறிவு மருந்து போட்டு, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து, சிறுநீர் நன்றாகப் போக ஆரம்பித்ததும் டிஸ்சார்ஜ் எழுதிவிடுகிறோம். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சீட்டில் எழுதுகிறோம். கூலி வேலைக்குப் போகிறவர் எங்கே வரப்போகிறார்? சில வருஷம் கழித்துக் கால் வீங்கி, கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் கூடுகிற கழிவுப்பொருள்) ஏறி, வேறு ஏதோ ஓ.பி.யில் போய் நிற்கிறார். பழைய கடியைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

முதல்நிலை விண்ணப்பம் சிறியது. என்ன கேள்வி, ஏன் நான், ஏன் இந்த இடம். அது தேறியதும் முழு விண்ணப்பம் கேட்டார்கள். அதோடு கல்லூரியின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். அங்கேதான் கதை ஆரம்பம்.

இந்த மாதிரி ஃபெல்லோஷிப் கொடுப்பவர்கள் முதலில் விலைக்கு வாங்குவது நம் நேரத்தைத்தான். சாதாரண ஆராய்ச்சி நிதியை ஓ.பி., வகுப்பு, பரீட்சை எல்லாம் முடித்து மிச்ச நேரத்தில் ஓட்டிவிடலாம். இதில் முடியாது. வேலை நேரத்தில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு என்று கல்லூரி எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதத்தோடு டீன் அறைக்குப் போனபோது அவர் கோபப்படவில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

"ஏம்மா, ப்ரமோஷனுக்கு வேண்டிய பேப்பர்தான் உன்கிட்ட இருக்கே. இது எதுக்கு?"

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் மருத்துவ ஆணையக்காரர்கள் ஆசிரியர் தலை எண்ணும்போது நீ ஃபேகல்டி கணக்கில் வருவாயா, மாட்டாயா? ஆதாரோடு இணைத்த வருகைப்பதிவில் 75 விழுக்காடு வேண்டும் என்கிறார்களே, கிராமத்தில் இருக்கிற நாட்களை எப்படிக் காட்டுவது? உன் வகுப்புகளை யார் எடுப்பது? கல்லூரி நடத்துகிறவர் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு. ஆனால் இதற்கெல்லாம் விடை யாரிடமும் தயாராக இல்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் என் கோப்பை "இதுவரைக்கும் இப்படி ஒண்ணு வந்ததில்லையே மேடம்" என்று சொல்லியே பல வாரம் மேசையில் வைத்திருந்தார். முன்மாதிரி இல்லாத கோப்பு நம் ஆபீஸ்களில் தானாக நகராது.

நகர்த்தியது சம்பளக் கணக்கு. என் சம்பளம் ஃபெல்லோஷிப்பிலிருந்து வரும் என்றால், எனக்குக் கொடுக்கிற பணத்தில் கல்லூரி இன்னொரு உதவிப் பேராசிரியரைப் போட்டுக்கொள்ளலாம். வகுப்பும் நடக்கும், எண்ணிக்கையும் குறையாது. இதை ஒரே பக்கத்தில், எந்தத் தலைப்பில் எவ்வளவு மிச்சம், யார் எந்த வகுப்பு எடுப்பார் என்று டைம்டேபிளோடு எழுதிக் கொடுத்தேன். களத்துக்குப் போகிற நாளெல்லாம் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வெளியே பணியில்) என்று மாதாமாதம் படிவம் கொடுப்பதாகவும் எழுதினேன். பாம்புக்கடியால் எத்தனை பேர் சாகிறார்கள் என்று நான் சொன்ன எதற்கும் அசையாத கோப்பு அந்த ஒரு பக்கத்தில் அசைந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் காரியம் நடந்தது.

இன்னொரு விஷயம்: கடிதத்தில் "தேவையான ஒத்துழைப்பு வழங்கப்படும்" என்று மொட்டையாக எழுதித் தருவார்கள். வாங்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள், எந்த அறை, எந்தப் பொறுப்பிலிருந்து விடுவிப்பு என்று இருக்க வேண்டும். நாளைக்கு டீன் மாறினாலும் அந்தக் கடிதம்தான் பேசும்.

பட்ஜெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. களப்பணியாளர் சம்பளத்தை வருஷாவருஷம் ஏற்றிப் போடுங்கள், பெட்ரோலைக் குறைத்துப் போடாதீர்கள். அக்கவுண்ட்ஸ் ஆளை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர்கள் கருத்து வந்தது. அதில் ஒருவர் நெற்றியடியாக ஒன்று கேட்டிருந்தார். பாம்பு கடிப்பதற்கு முன்பே அவருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவர்கள், மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள், சர்க்கரை இருந்தும் தெரியாதவர்கள். கடிக்கு முந்தைய கிரியாட்டினின் யாரிடமும் இருக்காது. எங்கள் புள்ளியியல் நண்பரோடு உட்கார்ந்து வடிவமைப்பையே மாற்றினோம். கடிபட்டவர் ஒவ்வொருவருக்கும் அதே ஊரில், அதே வேலை செய்கிற, கிட்டத்தட்ட அதே வயதுள்ள கடிபடாத ஒருவர். கூடவே, மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாள் ரத்தம். சிறுநீரகம் ஏற்கனவே கெட்டிருந்ததற்கான அறிகுறி அதில் இருந்தால் அவரைத் தனியாகப் பார்ப்பது. முழுத் தீர்வு இல்லை, அப்படியே எழுதியும் விட்டோம். மதிப்பீட்டாளருக்குப் பதில் எழுதும்போது "உங்களுக்குப் புரியவில்லை" என்கிற தொனி வந்துவிடக் கூடாது. எனக்குக் கை அப்படித்தான் போகப் பார்த்தது, நண்பர்தான் இரண்டு வரிகளை அடித்தார்.

நேர்முகத் தேர்வு. குழுவில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. ஸ்லைடுகள் குறைவுதான், பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும். மீதி நேரம் கேள்வி. அதற்கு முன் துறையில் ஒத்திகையாக ஒரு மாக் இன்டர்வியூ வைத்தோம். சிறுநீரகவியல் (நெஃப்ராலஜி) சார் ஒருவர் அன்றைக்கு என்னைப் போட்டு வறுத்தெடுத்தது பின்னால் ரொம்ப உதவியது.

பெரிய பெரிய கேள்விகளுக்கெல்லாம் தயாராகப் போயிருந்தேன். வந்தது என்ன தெரியுமா? "ஆய்வில் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதற்கு உங்கள் முதல் படியே இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதா?"

பாம்புக்கடி பார்க்காதவர்களுக்கு இது அற்பமாகத் தெரியும். அந்தச் சோதனை இப்படி: நரம்பிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ரத்தம் உறையத் தொடங்குவதற்குக் கண்ணாடியின் மேற்பரப்புதான் தூண்டுகோல். பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அப்படித்தான் ஏமாற்றும். இப்போது பல இடங்களில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக்தான். கேட்டவர் எங்கேயோ ஒரு வார்டில் நின்று இதைப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. நாங்கள் சேர்க்கப்போகும் நிலையங்களுக்கு நேரில் போய்ப் பார்த்திருந்ததால் சொல்ல முடிந்தது: பாதிக்கு மேல் இல்லை, வாங்கிக் கொடுப்பதற்கு பட்ஜெட்டில் தனி வரி இருக்கிறது, ஒருமுறை பயன்படுத்தியதும் தூக்கிப்போட வேண்டும் என்று பயிற்சியில் சேர்த்திருக்கிறோம். அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்த கேள்வி, ஆட்கள் ஊர் மாறிப் போய்விட்டால்? திருப்பூர் பக்கம் பனியன் வேலைக்குப் போய்விடுவார்கள், உண்மைதான். கிராம சுகாதாரச் செவிலியரும், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களும் ஏற்கனவே வீட்டுக்கு வீடு ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறார்கள், அந்த வழியிலேயே எங்கள் தொடர் பரிசோதனையும் போகும் என்றேன். அதற்கு மேல் குடையவில்லை. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு இருப்பது ஆராய்ச்சிக்கு எவ்வளவு பெரிய பலம் என்று மற்ற மாநில நண்பர்களோடு பேசும்போதுதான் தெரிகிறது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகவும் தமிழ்நாடு அரசு ஆக்கிவிட்டது.

மற்ற வாய்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன், இலங்கையிலிருந்தும் சிலர் கேட்டார்கள். அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம் கே43 என்று ஒன்று வைத்திருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆசிரியப் பணியில் இருக்கிற ஆராய்ச்சியாளர்களுக்கானது. அமெரிக்காவில் ஒருவர், குறைந்த அல்லது நடுத்தர வருமான நாடு ஒன்றில் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். உங்கள் நேரத்தில் 75 விழுக்காடு கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்த, வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிக்கான டி.டி.ஆர். திட்டம் வேறு மாதிரி. மருந்து நிறுவனங்களிலும் மருந்து உருவாக்கும் அமைப்புகளிலும் கிளினிகல் டிரையல் (மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு) நடத்தக் கற்றுக்கொள்ள அனுப்பிவிட்டு, திரும்பி வந்து சொந்த நிறுவனத்தில் வேலை செய்யச் சொல்லும். எது என்றாலும் உங்கள் ஆபீஸில் கேட்கப்போகிற கேள்வி ஒன்றுதான். நீங்கள் இல்லாத நேரத்துக்கு என்ன ஏற்பாடு?

ஃபெல்லோஷிப் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்த பிறகும் நெறிமுறைக் குழு, ஆட்கள் தேர்வு, தமிழில் ஒப்புதல் படிவம் என்று நிறைய ஓட வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கூட்டாளியைச் சேர்த்தால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழியாக சுகாதார அமைச்சகத்தின் குழு ஒப்புதலும் தேவை. ரத்த மாதிரியை இங்கேயே பரிசோதிக்க வசதி இருந்ததால் நான் அந்த வழிக்கே போகவில்லை. எனக்குப் பதிலாக வந்த உதவிப் பேராசிரியர் வகுப்புகளை நன்றாகவே எடுக்கிறார். வருகைப்பதிவு மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. மாதக் கடைசியில் ஓ.டி. படிவத்தோடு நான் போனால், கண்காணிப்பாளர் இப்போது கோப்பு எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறார்.