குடையின் கீழிருந்து புலனாய்வு மேசைக்கு

அம்பாறை விமானப்படை முகாமின் பரசூட் பயிற்சிப் பாடசாலைக்குப் போகிறவர் முதலில் பழகுவது விழுவதைத்தான். முன்பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கம் என்று ஐந்தும் வரிசையாக நிலத்தில் பட வேண்டும். முழங்கால்கள் ஒட்டியே இருக்க வேண்டும். பயத்தில் ஒரு காலை நீட்டினால் உடல் பாரம் முழுவதும் அந்தக் கணுக்காலில் இறங்கும்.

அடிப்படைப் பயிற்சியில் ஏறத்தாழ 1,000 அடியில் குதிக்கிறோம். விமானத்தில் கொளுவிய நாடாவே குடையைத் திறந்துவிடும். குடை விரியாமல் வெகுதூரம் விழும் ஃப்ரீ ஃபோலில் அந்த நாடா கிடையாது, குதிப்பவரே குடையை இழுத்துத் திறக்க வேண்டும். 12,000 அடியில் வெளியேறினால் முதல் 1,000 அடிக்கு 10 விநாடி. அதன்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரை நெருங்கும், ஒவ்வொரு 1,000 அடியும் ஐந்தரை விநாடியில் போய்விடும். 5,000 அடியில் இழுப்பதென்றால் கையில் முக்கால் நிமிடமும் இல்லை. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்: உடலை நிலைப்படுத்தும் மும்முரத்தில் உயரம் காட்டும் அல்டிமீற்றரை மறந்துவிடுகிறார்கள். அடிவானம், அல்டிமீற்றர், பயிற்றுநர் என்று கண் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குடை விரிந்ததும் பாருங்கள்: சதுரமாக இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா, இழுத்த பக்கம் திரும்புகிறதா? கயிறுகள் முறுகியிருந்தால் தோள்பட்டிகளை விரித்து, எதிர்ப்பக்கம் உதைத்துச் சுழலுங்கள். 2,500 அடிக்குள் சரிவராவிட்டால் வலப்பக்கப் பிடியை இழுத்துப் பிரதான குடையைக் கழற்றுங்கள், பிறகே இடப்பக்கப் பிடியால் மாற்றுக்குடை. வரிசை மாறினால் இரண்டும் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் விடியற்காலைக் குதிப்பே நல்லது. வெயில் ஏற ஏற வீச்சு விட்டுவிட்டு வரும். மரவரிசையின் மறைவுப் பக்கத்தில், மர உயரத்தைப்போல் 10, 20 மடங்கு தூரம்வரை காற்று குழம்பியிருக்கும். அதற்குள் இறங்கக் கூடாது. கால் கீழே பார்ப்பதும் பிழை. நிலம் பாய்ந்து வருவதுபோல் தெரிய, 30 அடியிலேயே பிரேக்கை, அதாவது குடையின் வேகத்தைக் குறைக்கும் கைப்பிடிகளை, முழுதாக இழுத்துவிடுவார்கள். குடை வேகமிழந்து, மிச்ச உயரத்தை விழுந்தே கடப்பார்கள். பார்வை முன்னே இருக்கட்டும், சுமார் 10 அடியில் இழுங்கள்.

பிறகு புலனாய்வுக்கு மாறுகிறவருக்குக் கைகொடுப்பது இந்தக் கண் பழக்கம். ஆழ ஊடுருவும் சிறு அணியின் முதல் வேலையே பார்த்துச் சொல்வதுதான்: எத்தனை பேர், என்ன செய்கிறார்கள், எங்கே, எந்த அணி, எத்தனை மணிக்கு, என்ன ஆயுதம். இடைஞ்சல் தருவது அவசரப் புத்தி. வானத்தில் 2,500 அடியில் முடிவெடுத்தே ஆக வேண்டும். மேசையில் அதே வேகத்தில் முடிவெடுத்தால் ஏதோ ஒரு அப்பாவி வீட்டுக் கதவு தட்டப்படும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாழ்ந்தவர்களுக்கு அதன் கனம் தெரியும்.

பல நாட்டுப் படைகளில் தகவலுக்கு இரண்டு தரம் இடுகிறார்கள்: சொன்னவரின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை, சொன்ன விடயத்துக்கு 1 முதல் 6 வரை. 1 என்றால் உறுதியானது, 6 என்றால் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க முடியாதது. இரண்டையும் தனித்தனியே இடுங்கள்; நம்பகமானவர் சொன்னதும் பிழையாகலாம். ஒரே கதை இருவர் வாயால் வந்தால் உடனே உறுதியென்று எழுதாமல், அவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்று விசாரியுங்கள். இருவரும் ஒரே ஆளைக் கைகாட்டினால் அது ஒரு தகவல்தான்; வேறு வழியில் சரிபார்க்கும்வரை அதன் எண் 6 ஆகவே இருக்கட்டும்.