விஎம்முக்குள் பெர்ஃப் ஓட்டிய கதை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். அடகுக் கடைகளுக்கு வட்டிக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். சொந்த சர்வர் வாங்கி, ஏசி போட்டு, மின்வெட்டுக்கு யுபிஎஸ் வைப்பதெல்லாம் கட்டுப்படியாகாது என்பதால் சோதனை முழுக்க வாடகை விஎம்மில்தான், அதாவது வேறொருவர் சர்வரைப் பலரோடு பங்கிடும் மெய்நிகர் கணினியில். மாதக் கடைசி வட்டி ஓட்டம் எவ்வளவு வேகம் என்று பார்ப்பது என் வேலை.

கடிகாரத்தை மட்டும் வைத்து வேகம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. ஒரே நிரல் காலையில் ஒரு நேரம் காட்டும், சாயங்காலம் வேறு காட்டும். ஒருமுறை புது வெளியீடு மந்தம் என்று பழையதற்கே திரும்பிவிடுகிற பேச்சு வந்தது. ஸ்டீல் டைம் பார்த்தோம், சுழியம். அதாவது எங்கள் விசிபியூ (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர் பிராசசர்) உண்மையான பிராசசருக்காகக் காத்திருக்கவில்லை. அப்புறம் ஏன் இழுக்கிறது?

லினக்ஸின் அளவுக் கருவியான பெர்ஃபில் ‘பெர்ஃப் ஸ்டாட்’ ஓட்டினால் டாஸ்க் கிளாக் (நிரல் பிராசசரில் ஓடிய நேரம்), பேஜ் ஃபால்ட் எல்லாம் வந்தன. சைக்கிள் (பிராசசரின் துடிப்பு), இன்ஸ்ட்ரக்ஷன் (அது செய்து முடித்த கட்டளை) இரண்டுக்கும் எதிரே ‘நாட் சப்போர்ட்டட்’. புதிதாகச் சேர்ந்த பையன், “அக்கா, பெர்ஃபைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணட்டுமா?” என்றான். பண்ணிப் பயனில்லை. முதல் வகை எண்களை இயங்குதளத்தின் மையமான கர்னலே வைத்திருக்கிறது. சைக்கிள் எண்ணுவது பிராசசருக்குள், கவுண்டர்கள் கொண்ட பிஎம்யூ என்ற பகுதி. அதை ஹைப்பர்வைசர் (விஎம்களை நடத்தும் மென்பொருள்) உள்ளே காட்டினால்தான் உண்டு. கேவிஎம், விஎம்வேர் ஆகிய ஹைப்பர்வைசர்களில் அதற்கு அமைப்பு இருக்கிறது; பலர் பங்கிடும் சின்ன வாடகை விஎம்களில் பெரும்பாலும் மூடித்தான் வைப்பார்கள். பிஎம்யூ தெரிகிற வகைக்கு மாறினோம். வாடகை கூடியதில் முதலாளிக்கு வருத்தம்தான்.

மாறியதும் படம் தெளிந்தது. யூசர் பகுதியின் (கர்னல் நீங்கலாக எங்கள் நிரலின்) இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கை காலையும் மாலையும் ஏறக்குறைய ஒன்றே. புது வெளியீட்டில் பழையதைவிடக் குறைவுகூட. மாலையில் ஏறியது சைக்கிளும் கடைசி நிலை கேஷ் மிஸ்ஸும் (தேடிய தரவு பிராசசரின் கேஷில் இல்லாமல் நினைவகத்துக்குப் போனது). அதே பிராசசர் சாக்கெட்டில் வேறு யாரோ அந்தக் கடைசி நிலையான எல்3 கேஷை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிராசசர் கோர்களை யாரும் பிடுங்கவில்லை, அதனால் ஸ்டீல் அசையவில்லை. செட்டிநாட்டு வீட்டில் புள்ளிக்குப் புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும்) தனி அறை, தனி அடுப்பு, வளவு (நடு முற்றம்) மட்டும் பொது. கல்யாண நாளில் உங்கள் அறை பூட்டியபடிதான் இருக்கும், வளவைத் தாண்டிப் போகத்தான் முடியாது. பையனுக்கு இப்படிச் சொன்னதும் சட்டென்று பிடிபட்டது.

ஆனால் கவுண்டர் சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஸ்கைலேக் காலத்து இன்டெல் பிராசசரில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெடாக ஓடுவது) இருந்தால் ஒரு த்ரெடுக்குப் பொதுக் கவுண்டர் 4, குறிப்பிட்ட ஒன்றை மட்டும் எண்ணும் நிலையானவை 3. அதற்குமேல் கேட்டால் பெர்ஃப் முறைவைத்து எண்ணி, மீதியை மதிப்பிட்டுப் போடும். வரியின் கடைசியில் வரும் சதவீதம் அதைத்தான் சொல்கிறது. நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. என்எம்ஐ வாட்ச்டாக் (கர்னல் உறைந்துவிட்டதா என்று பார்க்கும் காவல்) வேறு ஒரு கவுண்டரைப் பிடித்துக்கொள்ளும், அளக்கும்போது அதை நிறுத்திவைக்கிறேன். கேவிஎம்மின் வழக்கமான முறையில் விருந்தாளியின், அதாவது விஎம்மின், கவுண்டருக்குப் பின்னால் ஹோஸ்ட்டின் (விஎம் ஓடும் இயந்திரத்தின்) பெர்ஃப்தான் நிற்கிறது. ஹோஸ்ட்டில் யாராவது கவுண்டர்களைக் கட்டிப்போட்டு அளந்தால் உள்ளே எண்ணிக்கை குறையும், நமக்குச் சத்தமே வராது.

டிஎல்பி (நினைவக முகவரி மாற்றங்களை வைத்திருக்கும் சிறு கேஷ்) மிஸ் கணக்கும் வேண்டும். முகவரி மாற்றுகிற நான்கு நிலைப் பக்க அட்டவணையில் நேரடி இயந்திரத்தில் ஒரு மிஸ்ஸுக்கு அதிகபட்சம் 4 முறை நினைவகத்தைத் தொட்டால் போதும். விஎம்மில் அதனுடையது, ஹோஸ்ட்டுடையது என்ற இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து நடக்க 24 வரை போகலாம். எங்கள் வட்டி அட்டவணை பெரியது. ஹியூஜ் பேஜ் (பெரிய அளவு நினைவகப் பக்கம்) போட்டதும் அந்த மிஸ் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கியது. நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

இப்போது வெளியீட்டுக் குறிப்பில் இன்ஸ்ட்ரக்ஷன் எண்ணிக்கையை முதலில் எழுதுகிறோம், நேரத்தை அதற்குக் கீழே, குறைந்தது கூடியது இரண்டும் போட்டு. தேவகோட்டை வாடிக்கையாளர் மேல்வரியைப் பார்ப்பதே இல்லை. “சரிம்மா, மொத்தம் எத்தனை நிமிஷம்?” என்கிறார்.