பழைய சி.ஆர்.ஓ.வில் ட்யூப் லைட்டின் நிறமாலை: மூன்றாம் வாரம்

1970களில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 7ஜே20 என்றொரு பிளக்-இன் போட்டது. 7000 வரிசை சி.ஆர்.ஓ.வில் (மின்னழுத்தத்தைத் திரையில் கோடாக வரையும் ஆசிலோஸ்கோப்) செருகி, கூடவே வரும் ஜே20 பெட்டிக்குள் வெளிச்சத்தை விட்டால் அதன் நிறமாலை, அதாவது எந்த நிறம் எவ்வளவு என்பது, திரையில் வரைபடமாக வந்து நிற்கும். உள்ளே இருப்பது பழைய டிவி கேமராக்களில் இருந்த விடிகான் குழாய். கிரேட்டிங் (நெருக்கமான கோடுகள் போட்ட தகடு) பிரித்த நிறங்களை எலெக்ட்ரான் கற்றையே படித்துவிடும், எதுவும் சுழல வேண்டியதில்லை. அது நம் கைக்குக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆனால் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் செத்துப்போன ஹார்டு டிஸ்க் கிடைக்கும். அதற்குள் ஆடும் கையை வைத்தே நிறங்களை ஒவ்வொன்றாக டையோடு மேல் ஓடவிடுவதுதான் என் திட்டம்.

அந்தக் கையின் நுனியில் கண்ணாடித் துண்டு ஒட்டி, ரப்பர் பேண்டால் நடுவில் இழுத்துக் கட்டினேன். கிரேட்டிங், உரித்த டிவிடி: மில்லிமீட்டருக்கு சுமார் 1350 கோடு. கடைசிப் பிளவுக்கு (இரண்டு பிளேடுக்கு நடுவில் விட்ட மெல்லிய இடுக்கு) பின்னால், வெளிச்சத்தைக் கரண்டாக்கும் பிபிடபிள்யூ34 போட்டோடையோடு. ஆறு வோல்ட் டிரான்ஸ்பார்மரின் 50 ஹெர்ட்ஸ்தான் கையையும் ஆட்டியது, சி.ஆர்.ஓ.வின் எக்ஸ் (இடம்-வலம்) பக்கத்துக்கும் போனது.

ட்யூப் லைட்டைக் காட்டினேன். பாதரசத்தின் பச்சைக்கோடு, 546 நானோமீட்டர், கை போகும்போது திரையில் மூன்று கட்டம் எழும்பியது. திரும்பும்போது முக்கால் கட்டம்கூட இல்லை. ஒரே கோடு, ஒரே டையோடு! ரப்பர் பேண்டைத் திட்டினேன், ஆம்ப்ளிபயரைப் பிரித்து மறுபடி சால்டர் வைத்தேன். இரண்டு ராத்திரி வீண்.

எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "ண்ணே, அது சோக்கு லைட்டு. செகண்டுக்கு நூறு தடவ அணைஞ்சு எரியுது, தெரியாதா?" என்றான். தெரியும்தான். உறைக்கவில்லை. லைட்டும் கையும் ஒரே கரண்டில் ஓடுவதால், திரும்பும் ஓட்டத்தில் பச்சையைத் தொடும் நேரத்தில் எப்போதும் லைட் மங்கலாகவே இருந்திருக்கிறது.

பரணிலிருந்து பழைய சி.எஃப்.எல். எடுத்து மாட்டினேன். அதன் உள் சர்க்யூட் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுவதால் இரண்டு ஓட்டமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. நீலம் 436, பச்சை 546, சிவப்பு 611. இடைவெளி 3.4 கட்டம், 2 கட்டம், கணக்குக்குப் பொருந்துகிறது. நீலம் மட்டும் குள்ளம். சிலிக்கான் டையோடுக்கு நீலம் சரியாகத் தெரியாது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து சோடியம். அதன் இரட்டை மஞ்சள் கோடுகள் 589.0, 589.6 இரண்டையும் பிரிக்க என் பிளவு ரொம்ப அகலம், பிளேடு இரண்டை இன்னும் நெருக்க வேண்டும். சோதனைக்கு உப்புத் தூவலாம் என்று கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டிவிடி துண்டு வழியாகப் பார்த்தேன். உப்பே போடவில்லை, மஞ்சள் தெரிகிறது. கடற்காற்று வேலையோ என்னவோ.