டவர் வேலைக்குப் படிப்பவர்களுக்கு: சொற்களைக் கேபிள் போகும் வழியில் படியுங்கள்

டிப்ளமோ முடித்து, மொபைல் டவர் பராமரிப்பு வேலைக்கான முதல் நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டது இது: "ஈநோட்பிக்கும் ஆர்ஆர்யூவுக்கும் என்ன வித்தியாசம்?" இரண்டும் டவர் கருவிகளின் சுருக்கப் பெயர்கள். இரண்டின் விரிவாக்கமும் மனப்பாடம். எதற்குள் எது இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. வேலை கிடைக்கவில்லை. கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் என் நோட்டைப் புரட்டினேன். சுருக்கச் சொற்கள் எல்லாம் அகர வரிசையில் இருந்தன. அந்த வரிசைதான் என்னைக் கெடுத்தது.

அப்புறம், டவர் வேலை பார்க்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவர் தேயிலைத் தோட்டத்து மேட்டில் இருந்த சைட்டுக்குக் கூட்டிப்போனார். "கேபிள் போற வழியிலேயே பாரு தம்பி" என்றார். கீழே கேபினெட்டில் பிபியூ (பேஸ்பேண்ட் யூனிட்). டிஜிட்டல் வேலையெல்லாம் அதில்தான். அங்கிருந்து ஃபைபர் மேலே ஏறி ஆர்ஆர்யூவுக்கு (ரிமோட் ரேடியோ யூனிட்) போகிறது. ஆர்ஆர்யூ அதை ரேடியோ அலையாக்கி, சக்தியைக் கூட்டுகிறது. பிறகு குட்டையான ஜம்பர் கேபிள், கடைசியில் ஆன்டெனா. 4ஜியில் பிபியூவும் ஆர்ஆர்யூவும் சேர்ந்ததுதான் ஈநோட்பி. அதே இடத்துக்கு 2ஜியில் பிடிஎஸ், 3ஜியில் நோட்பி, 5ஜியில் ஜிநோட்பி என்று பெயர். பழைய சைட்டுகளில் ரேடியோ கீழேயே இருக்கும். தடித்த ஃபீடர் கேபிளில் ஏறுவதற்குள் சிக்னல் தேய்ந்துவிடும். ரேடியோவை மேலே ஏற்றியது அதனால்தான். இந்தக் காரணம் தெரிந்தால் நான்கைந்து சொற்கள் தானாக மனதில் நிற்கும்.

அடுத்து டெசிபல். பலரும் தடுக்குவது இங்கேதான், நேரம் எடுத்துப் படியுங்கள். டிபிஎம் என்பது சக்தியின் அளவு: 1 மில்லிவாட் என்றால் 0 டிபிஎம். 10 கூடினால் பத்து மடங்கு, 3 கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே 1 வாட் 30, 10 வாட் 40, 20 வாட் 43, 40 வாட் 46 டிபிஎம். டிபிஐ ஆன்டெனாவின் கெயின், அதாவது சக்தியை ஒரு திசையில் குவிக்கும் அளவு. வெறும் டிபி இழப்பையோ வித்தியாசத்தையோ சொல்வது. 46 டிபிஎம் ரேடியோ, ஜம்பரில் 1 டிபி இழப்பு, 17 டிபிஐ ஆன்டெனா என்றால் ஆன்டெனா நோக்கும் திசையில் 62 டிபிஎம். இந்தக் கணக்கைத் தாளில் பத்து முறை போட்டுப் பாருங்கள்.

அசிமத், ஆன்டெனா நோக்கும் திசை. டில்ட், அது குனியும் கோணம். நம் மலையில் டவர் மேட்டில், ஊர் பள்ளத்தில். டில்ட் குறைந்தால் சிக்னல் ஊரின் தலைக்கு மேலே போய்விடும். மெக்கானிக்கல் டில்ட், எலெக்ட்ரிக்கல் டில்ட் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

விஎஸ்டபிள்யூஆர் எனக்குப் புரிந்தது ஒரு கனெக்டரைப் பார்த்துத்தான். அலாரம் வந்ததால் அண்ணன் கழற்றிக் கொண்டுவந்த ஜம்பர் அது. டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஈரம், பின்னில் பச்சைப் பூப்பு. மழையும் மூடுபனியும் செய்த வேலை. அனுப்பிய சக்தியில் ஒரு பங்கு அங்கே மோதித் திரும்பிவிடும். அதன் அளவுதான் விஎஸ்டபிள்யூஆர். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, ரிட்டர்ன் லாஸ் 14 டிபி, அதாவது திரும்புவது அனுப்பியதைவிட 14 டிபி குறைவு. கடைசிச் சுற்று டேப்பை ஏன் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும் என்றும் அன்றே காட்டினார்: கூரை ஓடு போல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். அடுத்த நேர்முகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இந்த டேப் சுற்றும் விஷயம்தான்.