நான்கு பர்னர்களும் நான்கு குமிழ்களும்: மனிதக் காரணி உளவியல் மேற்படிப்புக்குத் தயாரான கதை

உளவியலில் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு மனிதக் காரணி உளவியலில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, மனநல ஆலோசகர் ஆகப் போகிறேன் என்றே வீட்டில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் எனக்கே அந்தப் பெயர் ஒரு பத்தி அளவில்தான் அறிமுகமாகியிருந்தது. ஆகவே, கேட்பவர்களுக்கெல்லாம் பி-17 கதையைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாம் உலகப் போரின்போது அந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கிய பிறகு, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளை (flaps) உள்ளிழுக்க வேண்டிய விமானிகள் சிலர் தவறுதலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் உரிய விசைகள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்ததைக் கவனித்த அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர், ஒன்றின் முனையில் சிறு சக்கர வடிவத்தையும் மற்றதன் முனையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தி, பார்க்காமலேயே கை உணர்ந்துகொள்ளும்படி செய்தார். ஆளைத் திட்டுவதை விட்டுவிட்டு விசையைத் திருத்துவதுதான் இந்தத் துறை என்றால் பெரும்பாலோருக்குப் புரிந்துவிடுகிறது.

நான் விண்ணப்பிக்க நினைத்த அமெரிக்காவில் இப்படிப்பு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே துறையின் கீழ் இருப்பதில்லை. கிளெம்சன், ஜார்ஜ் மேசன் போன்றவற்றில் உளவியல் துறையிலும், விஸ்கான்சின்–மாடிசனில் தொழில் பொறியியல் துறையிலும் இருக்கிறது. உளவியல் பட்டதாரிக்குக் கணிதமும் நிரலாக்கமும் குறைவு. பொறியியல் பட்டதாரிக்கு அவை இருக்கும், ஆனால் மனிதர்களை வைத்துச் சோதனை வடிவமைக்கத் தெரியாது. நமக்கு எந்தக் கால் ஊனம் என்று முதலில் ஒப்புக்கொண்டால் பாதி மாதங்கள் மிச்சமாகும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ (GRE) தேர்வின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே ஒரு கோடைக்காலத்தைச் செலவழித்துவிட்டு, எனது பட்டியலில் இருந்த பல துறைகள் அந்தத் தேர்வைக் கட்டாயமாகக் கேட்பதே இல்லை என்பதைப் பிறகுதான் படித்தேன்.

கல்லூரியில் புள்ளியியலுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்; ஆனால் அது சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை காணும் புள்ளியியல். இத்துறைக்கு வேண்டியது வேறு என்பதை, ஒருவரின் பிரித்தறியும் கூர்மையையும் சந்தேகப்படும் அளவையும் தனித்தனியே அளக்கும் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு (signal detection theory) எனக்குக் காட்டியது. விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் இருவரைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கத்தி உள்ள 100 பைகளில் முதலாமவர் 84ஐயும் இரண்டாமவர் 93ஐயும் பிடிக்கிறார்கள். இரண்டாமவரே கெட்டிக்காரர் என்று தோன்றும். ஆனால் கத்தி இல்லாத 100 பைகளில் முதலாமவர் 16ஐ மட்டுமே தவறாக நிறுத்த, இரண்டாமவர் 31ஐ நிறுத்துகிறார் என்றால், இயல்நிலைப் பரவலின் மதிப்புகளைக் கொண்டு கணக்கிடும்போது இருவரின் கூர்மையும் ஏறத்தாழ 2 என்றே வருகிறது. கண் ஒன்றுதான், சந்தேகப்படும் அளவுதான் வேறு. இதைத் தாளில் ஒருமுறை, புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல்மொழியில் ஒருமுறை போட்டுப் பார்த்த அன்றுதான் புள்ளியியல் எனக்குப் பிடித்துப்போனது.

இருந்தாலும் நான் உண்மையில் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுச் சமையலறையில்தான். சதுரமாக அமைந்த நான்கு பர்னர்கள், முன்னால் ஒரே வரிசையில் நான்கு குமிழ்கள். எது எதற்கு என்று கண் பார்த்துச் சொல்ல முடியாது. பால் காயும் இடப்பக்கப் பின் பர்னருக்குரிய குமிழில் அம்மா எப்போதோ ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தார். சப்பானிஸ் 1959இல் லிண்டன்பாம் என்பவருடன் சேர்ந்து இதே சிக்கலை ஆராய்ந்திருக்கிறார்; பின்வரிசை பர்னர்களைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி, ஒவ்வொன்றும் தன் குமிழுக்கு நேராக வரும்படி செய்த அமைப்பில் பங்கேற்றவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. அதை நானும் செய்து பார்க்க நினைத்து, இரண்டு அமைப்புகளையும் அட்டையில் வரைந்து, ஒரு பர்னரின் மேல் சிவப்புப் பொத்தானை வைத்ததும் உரிய குமிழைத் தொடும்படி உறவினர்கள் 12 பேரைக் கேட்டு, கைப்பேசியில் படம்பிடித்து நேரத்தைக் குறித்தேன். புதிய அமைப்பு வெகுவாக வேகமாக இருந்தது. பெருமையோடு எங்கள் பழைய ஆசிரியரிடம் காட்டியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லாரும் முதல்ல எதைச் செஞ்சாங்க?"

எல்லாரும் முதலில் பழைய அமைப்பைத்தான் செய்திருந்தார்கள். இரண்டாவதற்கு வருவதற்குள் அவர்களுக்குக் கை பழகிவிட்டது. வேகத்தில் எவ்வளவு அமைப்பால் வந்தது, எவ்வளவு பழக்கத்தால் வந்தது என்று இனிப் பிரிக்க வழியில்லை. அந்த 12 பேரையும் மீண்டும் பயன்படுத்த முடியாது என்பதால், அடுக்ககத்தில் வீடு வீடாகப் போய்ப் புதிதாக 12 பேரைப் பிடித்து, பாதிப் பேருக்கு ஒரு வரிசையும் மீதிப் பேருக்கு எதிர் வரிசையும் கொடுத்தேன். வித்தியாசம் இருந்தது, ஆனால் முதல் தடவையைவிடக் கணிசமாகச் சுருங்கியிருந்தது. அட்டைக்குப் பதிலாக உளவியல் சோதனைகளுக்கான சைக்கோபை (PsychoPy) மென்பொருளில் செய்திருந்தால் நேரத்தை இன்னும் துல்லியமாக அளந்திருக்கலாம்; ஆனால் வரிசைப் பிழையை எந்த மென்பொருளும் எனக்காகத் திருத்தியிருக்காது.

விண்ணப்பத்தின் நோக்க அறிக்கையில், சிறு வயது முதலே மனித மனத்தின் மீது எனக்கிருந்த ஆர்வம் என்று தொடங்கிய பத்தியை நீக்கிவிட்டு, இந்தக் கெட்டுப்போன சோதனையைப் பற்றி எழுதினேன். முனைவர் பட்டப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் டிசம்பரிலேயே கெடு முடிவதால், பரிந்துரைக் கடிதங்களுக்கு செப்டம்பரிலேயே கேட்டுவிட்டேன். எழுதித் தர ஒப்புக்கொண்டவர்களில் அந்த ஆசிரியரும் ஒருவர். இரண்டு சோதனைகளின் தரவுகளையும், முக்கியமாக முதலாவதை, ஒன்றையும் திருத்தாமல் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.