ரவை, வெல்லம், பழ ஈ

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்ததும் வகுப்பில் பாதிப் பேர் நீட் கோச்சிங்கில் சேர்ந்துவிட்டார்கள். நான் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை பள்ளி மாணவர்களுக்காக நடத்திய கோடைப் பயிற்சிக்குப் போனேன். அப்பாவுக்கு முதலில் இஷ்டமில்லை. எங்கள் உயிரியல் மிஸ்தான் வீட்டுக்கு ஃபோன் செய்து பேசினார். அதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பயிற்சி முழுக்கப் பழ ஈதான். டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர். முதல் வேலை அதற்குச் சாப்பாடு செய்வது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், கலவையைக் கெட்டியாக்கும் அகார் பொடி 10 கிராம். கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, இறக்கியதும் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் புரோபியானிக் அமிலம். அது மூக்கைத் துளைக்கிற நெடி. ஆறுவதற்குள் குப்பிகளில் ஊற்றி, பஞ்சு வைத்து அடைக்க வேண்டும்.

அப்புறம் ஆண், பெண் பிரிப்பது. ஐஸ் மேல் வைத்தால் ஈக்கள் மயங்கிவிடும். நுண்ணோக்கியின் கீழே மெல்லிய பிரஷ்ஷால் புரட்டிப் பார்த்தால், ஆண் ஈ கொஞ்சம் சின்னது, வால் பக்கம் கறுப்பு, முன்னங்காலில் சீப்பு மாதிரி ஒரு சின்ன மயிர் வரிசை. அடுத்து, கண் நிறம் குட்டிகளுக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு கலப்பு செய்தோம். அதற்கு வேண்டிய பெண் ஈக்களைக் கூட்டை விட்டு வந்த 8 மணி நேரத்துக்குள் தனியாக எடுத்துவிட வேண்டும். விட்டால் இணைசேர்ந்துவிடும். வெள்ளைக் கண் பெண்ணையும் சிவப்புக் கண் ஆணையும் ஒரே குப்பியில் விட்டோம். அடுத்த தலைமுறை வர ஏறக்குறைய பத்து நாள்.

அந்த இடைவெளியில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குப்பியின் சுவரில் மேலே ஏறி வரும் கொழுத்த லார்வா (ஈயின் புழு) ஒன்றை எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் வைக்கிறோம். ஒரு ஊசியால் உடம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையில் கறுப்பாகத் தெரியும் வாய்க் கொக்கிகளை இன்னொரு ஊசியால் மெதுவாக இழுத்தால், உள்ளே இருப்பது தலையோடு சேர்ந்து வெளியே வரும். குடல், கொழுப்பு, நடுவே ஒளி ஊடுருவும் ஒரு ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பி. ஓரத்தில் ஒட்டிய கொழுப்பை நீக்கி, அசிட்டோ ஆர்சீன் சாயத்தில் ஊறவிட்டு, கவர் ஸ்லிப் போட்டு, மேலே வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நகரவே கூடாது. எங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்த ஆராய்ச்சி மாணவி அக்கா, அழுத்தி முடிக்கும் வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

ஃபோகஸ் சரியானதும் சுரப்பி செல்லின் குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் டிஎன்ஏ இழைகள், தெரிந்தன. ஒரு மையத்திலிருந்து கிளம்பும் ஐந்து நீளக் கைகள், குட்டியாக ஆறாவது ஒன்று. ஒவ்வொன்றிலும் குறுக்கே கரும்பட்டை, வெளிர்பட்டை, மறுபடி கரும்பட்டை. செல் பிரியாமலே டிஎன்ஏ மட்டும் திரும்பத் திரும்பப் பிரதியாகி, இழைகள் பிரியாமல் சேர்ந்தே நிற்பதால்தான் இந்தக் குரோமோசோம்கள் இவ்வளவு பெரிதாகத் தெரிகின்றன. இந்தப் பட்டைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மரபியல் அறிஞர் கால்வின் பிரிட்ஜஸ் 1935-இல் குரோமோசோம் வரைபடமே போட்டாராம். எனக்குக் கண்ணை எடுக்க மனசே வரவில்லை. பள்ளியில் பார்ப்பது யாரோ எப்போதோ செய்து வைத்த ஸ்லைடு. இது காலையில் குப்பியில் ஊர்ந்துகொண்டிருந்த உயிர், என் கையால் பிரித்தது. இந்த இரண்டும் ஒன்றே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

கலப்பின் முடிவும் வந்தது. பிறந்த ஆண் ஈக்கள் எல்லாம் வெள்ளைக் கண், பெண் ஈக்கள் எல்லாம் சிவப்புக் கண். இந்தக் கண் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து மட்டும்தானே வருகிறது! 1910-இல் மரபியல் அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கன் ஒரே ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயில் தொடங்கிக் கண்டுபிடித்த விஷயம், பிரஷ் நுனியில் ஒவ்வொன்றாக எண்ணும்போது எனக்கே தெரிந்தது.

நீட்டுக்கும் படிக்கத்தான் செய்கிறேன். ஆனால் இப்படி ஒரு வாய்ப்பு வந்தால், ஒரு மாத கோச்சிங் போனாலும் பரவாயில்லை, போய்விடுங்கள். எங்கள் பள்ளியிலும் ஈ வளர்க்கலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ரவையும் வெல்லமும் நான் கொண்டுபோகிறேன், அகார் மட்டும்தான் வாங்க வேண்டும்.